விரலுக்குத் தெரியாத பொத்தான்

கேமரா செத்தது அவர் கையில்தான்.

கப்பல் பழுதுபார்க்கும் துறையில் தண்ணீருக்கடியில் இறங்கி வேலை செய்கிறவர் அவர். துறையில் எல்லோரும் அவரை முக்குளிப்பான் என்றுதான் கூப்பிடுவார்கள். இளவயதில் ஒரு பக்கம் தலையை விட்டால் யாரும் எதிர்பாராத இன்னொரு பக்கம் எழும்புவாராம், முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவையைப் போலவே. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். இறங்கிய ஏணியிலேயேதான் ஏறுகிறார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கப்பலின் அடிவயிறு, ப்ரொப்பெல்லர், துறைக்கதவு, இவை மூன்றும் அவர் உலகம். கப்பல் உள்ளே வந்து, தண்ணீரை இறைத்துக் கொட்டியபின், வெளியே நிற்கும் கடலைத் தடுத்து வைப்பது அந்தக் கதவுதான். அதன் கீழ்விளிம்பு கடைசிவரை தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். முன்பெல்லாம் அவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து வாயால் சொல்வார், வரைபடக்காரர் வரைந்துகொள்வார். அப்புறம் டிஜிட்டல் கேமரா வந்தது. சொல்வதை நம்புகிற காலம் போய், படம் இருந்தால்தான் நம்புகிற காலம்.

கேமரா சாதாரணக் கேமராதான். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது. அதனால் தண்ணீர் புகாத ஒரு பெட்டிக்குள் வைத்து இறக்குவார்கள். ஆபீஸ் காகிதங்களில் அதற்கு ஹவுசிங் என்று பெயர். துறையில் எல்லோருக்கும் அது கூடு. கூட்டின் மூடியும் உடலும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் ஓடும். ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் அதைக் கழற்றித் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, மசகுப்பசை பூசித் திரும்ப உட்கார வைக்க வேண்டும். ஒரு மணல்துகள் போதும், ஒரு முடி போதும், கடல் உள்ளே வந்துவிடும்.

அன்று வந்தது முடிதான். மேலே ஏறி முகமூடியைக் கழற்றியபோதே கூட்டின் அடியில் தண்ணீர் உருண்டுகொண்டிருந்தது. மேலே நின்று கயிறு பிடித்திருந்தவன் மனைவியின் தம்பி, அவனும் இறங்கத் தெரிந்தவன்தான். அந்த மைத்துனன் மூடியைத் திறந்து, வளையத்தின் குறுக்கே ஒட்டியிருந்த ஒரு நரைமுடியை நகத்தால் எடுத்துக் காட்டினான். யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. மைத்துனன் தலையில் முடி கிடையாது.

"வெளிச்சம் சரியில்ல, மாப்ள" என்றார் அவர்.

"ஆமா, மேகமாத்தான் இருக்கு, அத்தான்" என்றான் அவன், அவர் முகத்தைப் பார்க்காமலே.

உண்மை அவருக்குத் தெரியும். விரலால் ஒரு சுற்றுத் தடவித்தான் மூடினார். விரல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆய்வுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண் பொறியாளர் கோபப்படவில்லை. பண்டகசாலையிலிருந்து வேறொரு கேமரா வரவழைத்தாள். ஆனால் பழைய கூட்டில் அது உட்காரவில்லை. ஒரு கேமராவுக்கென்று செய்த கூடு அந்த ஒரு கேமராவுக்குத்தான். பொத்தான் ஒரு நகத்தளவு தள்ளியிருந்தாலும் வேலைக்காகாது.

"கூடு விட்டுக் கூடு பாயறதெல்லாம் கதையிலதான் போல" என்றான் மைத்துனன்.

பொறியாளர் சிரித்துவிட்டு முக்குளிப்பானிடம் சொன்னாள்: "நீங்களே பாத்து ஒண்ணு தேர்ந்தெடுங்கண்ணே. கையில வச்சிருக்கப் போறது நீங்கதான். ஒரு தடவைதான் வாங்க விடுவாங்க, அதனால அவசரப்படாதீங்க. கதவு ஆய்வுக்கு முன்னால கையில இருந்தா போதும்."

அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னது மரியாதைதான். அவருக்கு அது, முக்குளிக்கும்போது கனத்துக்குக் கட்டும் ஈயக்கட்டியில் இன்னொன்றைத் தோளில் தொங்கவிட்டது போல இருந்தது.

*

மனைவியின் விடுமுறை நாளில் இருவருமாகக் கடைக்குப் போனார்கள். அவள் ஒரு பெரிய விடுதியின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்று நின்று, விடுமுறை நாளிலும் கால் வீங்கியே இருக்கும். "உங்க கடைக்கு நான் எதுக்கு?" என்றுதான் கேட்டாள். அவர் செருப்பை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். போனாள்.

கடை குறுகலானது. முகமூடிகளும் துடுப்புக் காலணிகளும் கூரையிலிருந்து தொங்கின. ரப்பர் வாடை. கடைக்காரர் பழைய நீச்சல் பயிற்சியாளர். குனிந்தே நடந்தார், கூரை தாழ்வு என்பதால் பழகிவிட்டதாம். அவள் உள்ளே நுழைந்ததும் கிடைத்த முக்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

கடைக்காரர் மூன்றை மேசைமேல் வைத்தார்.

முதலாவது தடித்த பிளாஸ்டிக் பை. மடித்து அழுத்தி மூட வேண்டியது. "இதை நான் உங்களுக்குக் காட்டவே கூடாது" என்றார் அவரே. "ஆழத்துக்குப் போனா தண்ணி நசுக்கும். பை கேமராவோட ஒட்டிக்கும். அப்புறம் எந்தப் பொத்தானையும் அமுக்க முடியாது. குளத்துல புள்ளைங்கள படம் எடுக்கறவங்களுக்குச் சரி."

இரண்டாவது கண்ணாடி போல உள்ளே எல்லாம் தெரிகிற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி. கேமராவின் ஒவ்வொரு பொத்தானுக்கும் வெளியே ஒரு பொத்தான், பருப்பு அளவில். மூன்றாவது உலோகம். கருப்பு, கனம். இரண்டு பக்கமும் கைப்பிடி. படமெடுக்கப் பொத்தானே இல்லை. துப்பாக்கி விசை போல ஒரு நீளமான நெம்பு.

"கையுறை போட்டுட்டுப் பாருங்க" என்று ஒரு ஜோடியை நீட்டினார்.

முக்குளிப்பான் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார். உள்ளே வெறும் மாதிரிக் கேமரா. அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

"சத்தம் கேக்கலயே" என்றார் கடைக்காரர்.

"கையுறை தடிமன்."

"கழட்டிட்டுப் பாருங்களேன்."

கழற்றிவிட்டு அழுத்தினார். முக்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். கணவனின் ஆள்காட்டி விரல் பொத்தானின் மேல் இல்லை. அதன் பக்கத்தில், வெறும் பிளாஸ்டிக்கின் மேல், நகம் வெளுக்கும் அளவு அழுத்திக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. பொத்தானைத்தான் அழுத்துகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவள் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டாள்.

உலோகப் பெட்டியின் நெம்பை அவர் விரல்முட்டியால் தள்ளினார். க்ளிக் என்றது. மறுபடி தள்ளினார், மறுபடி க்ளிக். அன்று முதல் தடவையாக அவர் தோள் இறங்கியது. "இது நல்லாருக்கு" என்றார்.

"நல்லாத்தான் இருக்கும். ஆனா வாங்கறதுக்கு முன்னால ரெண்டையும் தண்ணியில போட்டுப் பாத்துருவோம்" என்றார் கடைக்காரர். "உங்க துறையில தொட்டி இருக்குல்ல? நானே எடுத்துட்டு வர்றேன்."

பேருந்தில் இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம் அவள். நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், திரும்பாமலேயே கேட்டாள்:

"எவ்வளவு நாளா?"

"எது?"

"கை."

"தண்ணியில நிக்கறவன் கை கொஞ்சம் மரத்துத்தான் போகும். அதுக்கென்ன?"

"இப்ப தண்ணியிலயா இருக்கீங்க?"

அவர் கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார், குளிருக்கு வைப்பது போல.

வீட்டுக்கு வந்ததும் அவள் உடை மாற்றவில்லை, அடுப்பையும் பற்றவைக்கவில்லை. சாப்பாட்டு மேசைமுன் அவரை உட்காரச் சொன்னாள். "கண்ண மூடுங்க."

"என்ன சின்னப்புள்ள விளையாட்டு?"

"மூடுங்க."

மூடினார். அவள் தையல் டப்பாவிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து அவர் விரல்நுனிகளில் வைத்தாள். "என்ன இருக்கு?"

"இன்னும் நீ வைக்கலயே."

அவர் கண்ணைத் திறந்து, தன் விரல்களின்மேல் உட்கார்ந்திருந்த வெள்ளைப் பொத்தானைப் பார்த்தார். அது யாருடைய கையிலோ இருப்பது போலிருந்தது.

"உங்க சட்டையெல்லாம் பொத்தான் போட்டபடியே துவைக்க வருது" என்றாள் அவள். "தலை வழியா மாட்டி, தலை வழியாவே கழட்டறீங்க. நாளெல்லாம் அடுத்தவன் சட்டைக்குப் பொத்தான் கழட்டறவ நான். எனக்குத் தெரியாதா? சோம்பேறித்தனம்னு நெனச்சேன். நானும் எங்க கவனிச்சேன். வந்து விழுந்தா போதும்னு இருக்கு எனக்கு."

"சொல்லி என்ன ஆகப்போகுது? இறங்காதேம்பாங்க."

"இறங்காதீங்க."

"இறங்காம என்ன பண்றது?"

அவள் எழுந்துபோய் முகம் கழுவினாள். தம்பிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னபோது அவன், "தெரியும்க்கா" என்றான். "கொஞ்ச காலமா காத்துக்குழாய் மாட்டறது, கத்தி செருகறது எல்லாம் நாந்தான். அவரு கேக்கல, நானும் சொல்லல. அன்னைக்கு அந்த வளையத்த மட்டும் நான் பாக்கத் தவறிட்டேன்." பேச்சை ஒலிபெருக்கியில்தான் போட்டிருந்தாள். முழுப் பூசணிக்காயை எவ்வளவு சின்னச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தோம் என்று முக்குளிப்பானுக்கு அப்போதுதான் புரிந்தது.

*

பம்புகளைச் சோதிக்கும் தொட்டி துறையின் பின்பக்கம் இருந்தது. கடைக்காரர் இரண்டு கூடுகளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். பொறியாளரும் வந்து நின்றாள். முதலில் கேமரா இல்லாமல், உள்ளே மெல்லிய காகிதத்தை மட்டும் வைத்து இரண்டையும் தண்ணீரில் அமுக்கி எடுத்தார்கள். காகிதம் நனையவில்லை. அப்புறம் கேமராவை வைத்து, மைத்துனன் மூடிக்கொடுக்க, முக்குளிப்பான் இறங்கினார்.

பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு படமும் விழவில்லை. உலோகப் பெட்டி அப்படியில்லை. தண்ணீருக்குள் அதன் கனம் பாதியாகிவிட்டது. கைப்பிடி உள்ளங்கைக்கு அடங்கியது. விரல்முட்டியால் நெம்பைத் தள்ளத் தள்ளப் படம் விழுந்தது: தொட்டிச் சுவரின் ஆணிகள், துருப்பிடித்த வடிகட்டி, மேலிருந்து தண்ணீருக்குள் தொங்கிய மைத்துனனின் பாதம். எல்லாம் துல்லியம். கீழே அவர் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே தங்கினார். அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஏறி வந்து, "இதுதான். இதுவேதான்" என்றார்.

கடைக்காரர் கேமராவை வெளியே எடுத்து, வளையத்தையும் கழற்றி அவர் முன் வைத்தார். "சரி. இப்ப நீங்களே துடைச்சு, மாட்டி, மூடிக் காட்டுங்க. யாருக்கு வித்தாலும் இதை நான் கேப்பேன். அப்புறம் தண்ணி போச்சுன்னு என்கிட்ட வரக் கூடாது பாருங்க."

முக்குளிப்பான் வளையத்தை எடுத்தார். மசகுப்பசை பூசினார். பள்ளத்தில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வந்தார். ஒரு மூலையில் அது முறுக்கிக்கொண்டு மேலே எழும்பி நின்றது. விரல் அதைத் தாண்டிப் போய்விட்டது. மைத்துனனின் கை வழக்கம்போலத் தானாக நீண்டது.

"விடு" என்றார் அவர்.

மூடியை மூடவில்லை. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பொறியாளரைப் பார்த்தார்.

"வளையம் உக்காந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியல, மேடம். கொஞ்ச காலமாவே தெரியல. அன்னைக்குக் கேமரா போனதும் வெளிச்சத்தால இல்ல."

பொறியாளர் அவர் கையைப் பார்த்தாள். "எந்தக் கை?"

"ரெண்டும்."

"இதோடயா நீங்க கப்பலுக்கு அடியில போயிட்டிருந்தீங்க? எங்களுக்கே தண்ணி காட்டியிருக்கீங்களேண்ணே." அவள் குரல் உயரவில்லை. "கோபப்படணும்தான். எனக்கு இப்ப அதுக்குத் தெம்பு இல்ல. முதல்ல டாக்டர்கிட்ட போங்க. அவர் சொல்ற வரைக்கும் யாரும் உங்களை இறக்கக் கூடாது." கடைசி வாக்கியம் மைத்துனனுக்கு. அவன் தலையாட்டினான்.

மருத்துவர் ஊசிமுனையால் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்தார். என்ன கருவி பிடித்து வேலை செய்தீர்கள் என்று கேட்டார். கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பியையும் துருவையும் அரைக்கும் இயந்திரம் என்றார் இவர். வருஷக்கணக்காக, குளிர்ந்த தண்ணீரில், கை அதிர அதிர.

"நரம்பு அடிபட்டிருக்கு. போனது வராது" என்றார் மருத்துவர். "இனிமே அந்த இயந்திரத்தைத் தொடக் கூடாது, குளிர்ல கை நனையக் கூடாது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்."

"இருக்கறது எவ்வளவு, டாக்டர்?"

"சோறு அள்ளலாம். கதவு திறக்கலாம். யாராவது கையப் புடிச்சா புடிச்சது தெரியும்."

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கூட வந்திருந்த மனைவி அவர் கையைப் பிடித்தாள். தெரிந்தது. ஆனால் அவள் உள்ளங்கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு ஒன்று உண்டு. அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு இப்போது தெரியவில்லை.

*

கூடு இன்னும் வாங்கியாகவில்லை. கதவு ஆய்வு நெருங்கியது. கூட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பொறியாளர் வேறு யாருக்கும் மாற்றவில்லை. தேர்வு அவருடையதுதான் என்று சொல்லியனுப்பினாள்.

மைத்துனனை அழைத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனார்.

"அதான் பாத்தாச்சே, அத்தான். அந்த இரும்புப்பெட்டியே எடுத்துருவோம்" என்றான் அவன். "உங்களுக்குப் புடிச்சது."

"புடி, பாப்போம்."

அவன் பிடித்தான். சின்னக் கை அவனுக்கு. கைப்பிடியைப் பற்றினால் விரல் நெம்பை எட்டவில்லை. நெம்பை எட்டினால் பிடி நழுவியது. ஒரு காலத்தில் மூட்டு நழுவிய தோள்பட்டை வேறு. பெட்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கி வைத்திருந்தவனுக்குக் கொஞ்ச நேரத்திலேயே கை நடுங்க ஆரம்பித்தது. அவன் சமாளித்துக்கொண்டு சிரித்தான்.

"போதும், வை. அதை எடு."

பிளாஸ்டிக் பெட்டி அவன் கைக்குள் அடங்கியது. பருப்பளவுப் பொத்தான்கள் அவன் விரலுக்குக் கீழே டக் டக்கென்று பேசின. முக்குளிப்பான் பெட்டியை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே திருப்பினார். சுவர் வழியாக உள்ளே வளையம் முழுச் சுற்றும் தெரிந்தது. எங்கே மடங்கியிருந்தாலும் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் மேலே ஏறும் வரை காத்திருக்க வேண்டாம், அங்கேயே கண்ணில் படும். இருட்டில் தனியாக இறங்குகிறவனுக்கு அது பெரிய துணை.

"இதைக் கட்டுங்க" என்றார்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார், நிமிர முடிந்த அளவுக்கு. "அன்னைக்கு அதுதான் அதுவேதான்னு சொன்னீங்களே?"

"அன்னைக்கு இறங்கறது நானா இருந்துச்சு."

கடைக்காரர் பெட்டியைத் துணியில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் சிலவற்றையும் உள்ளே போட்டார். அதுவரை முக்குளிப்பான் மேசைமேல் இருந்த உலோகக் கூட்டின் நெம்பை முட்டியால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். க்ளிக், க்ளிக். மைத்துனன் கடைவாசலுக்குப் போய் வெளியே பார்த்து நின்றுகொண்டான்.

கதவு ஆய்வு நாளன்று கடல் கலங்கியிருந்தது. மைத்துனன் வளையத்தைத் தானே மாட்டினான். முக்குளிப்பான் பெட்டியைச் சூரியனுக்கு நேரே திருப்பிச் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அவன் ஏணியில் இறங்கிக் காணாமல் போனான். அவர் மேலே பலகைமேல் உட்கார்ந்தார். காய்ந்த உடையில் அந்த இடத்தில் உட்காருவது அவருக்குப் புதிது. எவ்வளவு நேரமானாலும் குமிழி வந்துகொண்டே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அது இறங்குவதைவிட அலுப்பாக இருந்தது.

கயிற்றை விரலால் பிடித்தால் கீழேயிருந்து இழுப்பது தெரியாது. அதனால் முன்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அங்கே தோல் இன்னும் தெரிந்துகொள்கிறது. ஒரு இழுப்பு வந்தது: போய்ச் சேர்ந்தேன். இவர் ஒன்று இழுத்தார்: சரி.

மேலே வந்த படங்கள் பாதி கலங்கல். பெட்டிக்குள் தண்ணீர் இல்லை. பொறியாளர், மைத்துனன், அவர் என்று மூன்று தலைகளும் அந்தச் சின்னத் திரைமேல் முட்டிக்கொண்டன. கதவின் கீழ்மூலையில் ஒரு கருப்புக் கோடு.

"விரிசலா?" என்றாள் பொறியாளர்.

"பாசி மாதிரி இருக்கு" என்றான் மைத்துனன். பல் தந்தியடித்தது அவனுக்கு.

"சுரண்டாம எடுத்தா எல்லாம் பாசி மாதிரித்தான் இருக்கும்" என்றார் முக்குளிப்பான். "திரும்ப இறங்கு, மாப்ள. மூலையில வலது கைப்பக்கம் ஒரு இரும்பு வளையம் இருக்கும், அதுல காலை மாட்டிக்க. அப்பத்தான் நீரோட்டம் தள்ளாது. சுரண்டிட்டு, மண்ணு அடங்கற வரைக்கும் சும்மா இரு. அப்புறம் எடு."

"உங்களுக்கென்ன, மேல உக்காந்துட்டு" என்றான் அவன். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது அவனுக்கு.

"ஆமா" என்றார் அவர். "போ. குளுருது பார்."

அவன் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினான். விரிசல்தான் அது என்று இரண்டாவது படத்தில் தெரிந்தது, பெரியதில்லை, பற்றவைத்து அடைத்துவிடலாம். பொறியாளர் முகத்தில் சிறு நிம்மதி. எல்லாம் முடிந்து கயிற்றைச் சுருட்டிக் கொட்டகைக்குள் வைக்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் வேறொரு கப்பல் உள்ளே வருகிறது, காலையிலேயே வந்துவிடச் சொன்னார்கள். வருகிறேன் என்றார். பேருந்தில் நின்றுகொண்டே வந்தார், உட்கார இடம் கிடைக்கவில்லை. வீட்டில் மனைவி அவருக்கு முன்பே வந்து, விளக்கைக்கூடப் போடாமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"படம் வந்துச்சு" என்றார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவரும் காலை நீட்டினார்.